அலுவலக ஜிமெயில் யார் கையில் இருந்தது? ஒரு ஆர்டிஐ மனுவும் பூட்டிக்கொண்ட அஞ்சல் பெட்டியும்: நிகழ்வு ஆய்வு

## எந்த மாதிரி வழக்கு இது

அரசு வேலைக்குச் சொந்த மின்னஞ்சல் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது ஹிலாரி கிளின்டன் விவகாரம்தான். வெளியுறவு அமைச்சராக இருந்தபோது தனி சர்வரில் அலுவல் மடல்களை நடத்தியது, 2016 ஜூலையில் எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி அதைப் பற்றிப் பேசியது, தேர்தல் வரை அது துரத்தியது எல்லாம் தெரிந்த கதை. பிரிட்டனில் 2022 அக்டோபரில் உள்துறை அமைச்சர் சுயெல்லா பிரேவர்மன் அரசு ஆவணம் ஒன்றைத் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பியதற்காகப் பதவி விலகினார். இவையெல்லாம் மேல்மட்டக் கதைகள்.

கீழே நடப்பது வேறு மாதிரி. யாரும் எதையும் மறைக்க நினைத்திருக்க மாட்டார்கள், வேலை ஓடினால் போதும் என்றுதான் ஆரம்பித்திருப்பார்கள், பத்து வருடம் கழித்து ஒருநாள் ஒரு தாளைத் தேடும்போதுதான் அந்தத் தாள் அலுவலகத்திலேயே இல்லை என்பது தெரியவரும். அப்படி ஒரு வழக்கை இங்கே பதிவு செய்கிறேன். மத்திய அரசின் கீழ் வரும் ஒரு சட்டப்பூர்வ அமைப்பின் மண்டல அலுவலகம். ஆட்களையும் ஊரையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன். அதே அமைப்பின் தலைமையகத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். ஆர்டிஐ, அதாவது தகவல் பெறும் உரிமைச் சட்ட மனுவுக்குக் கிடைத்த பதிலின் மேல் வந்த முறையீட்டை விசாரித்த முதல் மேல்முறையீட்டு அலுவலர் உதவி கேட்டதால் இதற்குள் வந்தேன்.

## பின்னணி

இருபது பேர் வேலை பார்க்கும் அலுவலகம். சேமிப்புக் கிடங்கு வைத்திருக்கும் சிறு நிறுவனங்களின் மானிய விண்ணப்பங்களை வாங்கி, நேரில் போய்ப் பார்த்து, அனுமதிப்பதோ நிராகரிப்பதோ அவர்கள் வேலை.

அந்த அலுவலகத்துக்கென்று ஒரு ஜிமெயில் இருந்தது. என்ஐசி (மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம்) தரும் மின்னஞ்சல் மண்டல அதிகாரி ஒருவருக்கு மட்டும் இருந்த காலத்தில், தலைமையகம் அவசரமாக ஏதோ ஸ்கேன் கேட்க, அப்போது ஒப்பந்தத்தில் இருந்த டேட்டா என்ட்ரி பையன் ஐந்து நிமிடத்தில் உருவாக்கிக் கொடுத்த கணக்கு அது. அப்புறம் அது லெட்டர்ஹெட்டில் ஏறியது, வாசல் பலகையில் ஏறியது, விண்ணப்பப் படிவத்தில் அச்சானது. விண்ணப்பதாரர்களுக்கும் வங்கிகளுக்கும் அந்த அலுவலகம் என்றால் அந்த ஜிமெயில்தான்.

மத்திய அரசின் மின்னஞ்சல் கொள்கை 2014 அக்டோபரில் வந்து, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அரசிதழில் வெளியானது. அலுவல் தொடர்புக்கு என்ஐசி தரும் மின்னஞ்சலைத்தான் பயன்படுத்த வேண்டும், அரசு மின்னஞ்சலுக்கு வருவதைச் சொந்த முகவரிக்குத் திருப்பிவிடக் கூடாது, பதவிப் பெயரில் இருக்கும் முகவரியை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. அதிகாரிகள் ஜிமெயில், யாஹூ பயன்படுத்துவது 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டத்துக்கு எதிரானது என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கும் இந்தக் கொள்கை வருவதற்கு ஒரு காரணம். அந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, அலுவல் காரணம் இருந்தாலொழிய மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் பொது ஆவணங்களை இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜிமெயில் சர்வர் எங்கே இருக்கிறது என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

சரி, கொள்கை வந்தது, எல்லா அதிகாரிகளுக்கும் அரசு முகவரியும் வந்தது. ஜிமெயில் மட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டபோது ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள், எல்லாமே நியாயமான காரணங்கள். மண்டல அதிகாரியின் பதவி முகவரிக்குள் நுழைய இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு செய்யும் கவச் செயலி அவர் போனில் மட்டும்தான் இருந்தது, அவர் டூரில் இருந்தால் பிரிவில் யாராலும் மடலைத் திறக்க முடியாது. ஆய்வுக்குப் போகிறவர் கிடங்கில் நின்றுகொண்டு போனிலிருந்து நாற்பது போட்டோ அனுப்ப வேண்டும், அவர் போனில் அரசு மின்னஞ்சலை யாரும் அமைத்துக் கொடுத்திருக்கவில்லை. விண்ணப்பதாரருக்கோ அச்சான முகவரி மட்டும்தான் தெரியும். இதையெல்லாம் தீர்க்காமல் ஜிமெயிலை நிறுத்தச் சொன்னால் வேலைதான் நிற்கும் என்று கண்காணிப்பாளர் அம்மா சொன்னது எனக்கு மறுக்க முடியாத பதிலாகத்தான் பட்டது.

கடவுச்சொல் டிஸ்பேட்ச் பதிவேட்டின் பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. அலுவலகப் பெயர், பக்கத்தில் வருடம். வருடம் மாறும்போது பழையதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அடியில் புதியதை எழுதியிருந்தார்கள், அதனால் ஆறு வருடக் கடவுச்சொற்களையும் வரிசையாகப் படிக்க முடிந்தது.

## மனு வந்தது

ஒரு கிடங்கு உரிமையாளரின் மானிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஆணையில் ஒரே வரி: தகுதி வரையறைகளைப் பூர்த்தி செய்யவில்லை. எந்த வரையறை என்று இல்லை. அவர் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மூன்று விஷயம் கேட்டார்: ஆய்வறிக்கை, ஆய்வுக்கு வந்தவருக்கும் அலுவலகத்துக்கும் நடந்த மின்னஞ்சல்கள், நிராகரிக்கலாம் என்று முடிவெடுத்த குறிப்பு.

பொதுத் தகவல் அலுவலர் 30 நாள் கெடுவுக்குள் பதில் கொடுத்துவிட்டார். ஆய்வறிக்கையின் நகல் இருந்தது. மின்னஞ்சல்களைப் பற்றி, 'மேற்படி பொருள் தொடர்பான மின்னஞ்சல் ஏதும் இவ்வலுவலகக் கோப்பில் இல்லை' என்று ஒரு வாக்கியம். குறிப்பு என்று எதுவும் எழுதப்படவே இல்லை என்று இன்னொன்று.

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கோப்பில் உண்மையிலேயே இல்லை. அவர் கோப்பை எடுத்தார், புரட்டினார், இல்லை, எழுதிவிட்டார். இந்த வாக்கியத்தை வேறு அலுவலகப் பதில்களிலும் பார்த்திருக்கிறேன், எழுதுகிறவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார். ஆனால் அந்தச் சட்டத்தின் 2(f) பிரிவு 'தகவல்' என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே மின்னஞ்சல் என்ற சொல் நேராக இருக்கிறது. 2(j) பிரிவு பேசுவது பொது அதிகார அமைப்பு வைத்திருக்கும் அல்லது அதன் கட்டுப்பாட்டில் உள்ள தகவலைப் பற்றி. கோப்பு அட்டைக்குள் இருப்பது மட்டும்தான் தகவல் என்று எங்கேயும் இல்லை.

மனுதாரர் முதல் மேல்முறையீடு செய்தார். கூடவே ஒரு பிரின்ட் வைத்திருந்தார். ஆய்வுத் தேதியை உறுதி செய்து அந்த அலுவலக ஜிமெயிலிலிருந்து அவருக்கே வந்த மடல். அதில் நகல் போன முகவரிகள் இரண்டு: ஆய்வாளருடையது ஒன்று, இன்னொன்று அப்போதைய மண்டல அதிகாரியின் சொந்த ஜிமெயில். மேல்முறையீட்டு அலுவலர் அந்தப் பிரின்டை எடுத்துக் காட்டி, 'கோப்புல இல்ல சரி, இதுல இருக்குமா?' என்று கேட்டார். அங்கே தொடங்கியது எல்லாம்.

## திறக்க முயன்றபோது கண்டவை

அந்த ஜிமெயில் பல வருடங்களாக ஒரே கணினியில் திறந்தபடியே இருந்திருக்கிறது. யாரும் உள்நுழைய வேண்டிய தேவையே வந்ததில்லை. மனு வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் அந்தக் கணினியைக் கழித்துக்கட்டிவிட்டுப் புதியது வைத்திருந்தார்கள். புதியதில் கடவுச்சொல்லைப் போட்டால், சரியான கடவுச்சொல்தான், கூகுள் ஏற்றுக்கொண்டு அடுத்ததாக ஓடிபி கேட்கிறது. எந்த எண்ணுக்கு என்றால் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் காட்டுகிறது. அந்த இரண்டு இலக்கத்தில் முடியும் எண் அலுவலகத்தில் யாரிடமும் இல்லை.

நான் போவதற்கு முன் மூன்று பேர் மூன்று போனிலிருந்து முயன்றுவிட்டார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு பழைய கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்ததில் கூகுள் சந்தேகப்பட்டு, பிறகு முயலுங்கள் என்று நிறுத்திவிட்டது. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் திருடனும் செய்வதைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள், கூகுள் வேறு எப்படி நடந்துகொள்ளும்?

ஆக, வாசல் பலகையில் எழுதியிருக்கும் அலுவலக முகவரி அலுவலகத்தின் வசம் இல்லை. பீரோ இங்கே, சாவி எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவரின் சட்டைப்பையில். இன்னொரு ஆபத்தும் இருந்தது. யாரும் 2 வருடம் உள்ளே போகாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. இந்த மனு வராமல் இருந்திருந்தால், புதுக் கணினி வந்ததும் ஆளாளுக்கு வேறு வழி பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள், பத்து வருட மடல்களும் சத்தமில்லாமல் போயிருக்கும்.

## எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதலில் எல்லா முயற்சியையும் நிறுத்தினோம். யார், எப்போது, எந்தக் கருவியில், எதைப் போட்டுப் பார்த்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்கினோம். சிலருக்கு இது தங்கள் மேல் குற்றம் சாட்டுவதாகப் பட்டது. நாளைக்கு யாராவது 'இந்தக் கணக்கை யாரோ கலைத்துவிட்டார்கள்' என்று சொன்னால் அந்தத் தாள்தான் அவர்களைக் காப்பாற்றும் என்று விளக்க வேண்டியிருந்தது. கேட்ட தகவலை அழித்தால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் கீழ் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தகவல் அலுவலர் மேல் அபராதம் விழலாம். அது அவர் சொந்தக் காசு.

அடுத்தது அந்தப் பழைய ஒப்பந்தப் பணியாளர். காவல்துறையில் புகார் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எதற்கு? அவர் எதையும் திருடவில்லை, கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு ஒப்பந்தம் முடிந்ததும் போய்விட்டவர். கண்காணிப்பாளர் அம்மாவே அவரைத் தேடிப் பிடித்துப் பேசினார். அவர் சொன்னது: "மேடம், அன்னிக்கு நீங்கதானே அவசரம்னு நின்னீங்க, என் நம்பரப் போட்டுட்டேன். அந்த சிம் போயி ரொம்ப வருஷம் ஆச்சு மேடம். ஆனா என் மெயில் ஐடியும் குடுத்த ஞாபகம்."

அதுதான் வழி. அவருக்கு முறையாக ஒரு கடிதம் கொடுத்து, வரவழைத்து, அவர் போனில் அவர் மின்னஞ்சலுக்கு வந்த குறியீட்டை அவரே படித்துச் சொல்ல, நாங்கள் போட்டோம். அவர் போனை வாங்கவும் இல்லை, அவர் கடவுச்சொல்லைக் கேட்கவும் இல்லை. இதில் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். ஒரு தனிமனிதரின் கணக்கை அலுவலகம் திறந்து பார்க்கும் பழக்கத்தை, நல்ல காரணத்துக்காகவே என்றாலும், தொடங்கி வைக்க யாருக்கும் விருப்பமில்லை. கணக்கு உடனே திறக்கவில்லை, கூகுள் சில நாள் காக்க வைத்து அப்புறம்தான் விட்டது. துண்டிக்கப்பட்ட எண்களைத் தொலைபேசி நிறுவனங்கள் சில மாதம் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும் என்பதால், அந்தப் பழைய எண் இப்போது யாரோ ஒருவர் கையில் இருக்கலாம் என்ற பயமும் அந்த நாட்களில் இருந்தது.

உள்ளே போனதும் எல்லோருக்கும் கை பரபரத்தது. விளம்பர மடல்களை நீக்கலாம், இடம் நிரம்பிக் கிடக்கிறது என்றார்கள். எதையும் தொடக் கூடாது என்றுதான் முடிவு. முதலில் கூகுளின் ஏற்றுமதி வசதியில் முழுப் பெட்டியையும் இறக்கி, அந்தக் கோப்புக்கு ஷா-256 ஹாஷ் (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும், கைரேகை மாதிரியான ஒரு குறியீடு) எடுத்து எழுதி, இரண்டு பிரதி வைத்தோம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் (சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவின் கீழ் மின்னணு ஆவணத்துக்குத் தரும் சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷ் மதிப்புக்கென்றே இடம் இருக்கிறது. இந்த வழக்கு நீதிமன்றம் போகும் என்று யாரும் நினைக்கவில்லை, ஆனாலும் பிறகு எடுக்கும் ஹாஷுக்கு மதிப்பு குறைவு.

அமைப்புகள் பக்கத்தைத் திறந்தபோது இன்னொன்று கிடைத்தது. வருகிற எல்லா மடலின் நகலும் வேறொரு முகவரிக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு அதிகாரிகளுக்கு முன் இருந்து மாற்றலாகிப் போனவரின் சொந்த மின்னஞ்சல். விடுப்பில் இருந்தபோது வசதிக்காகப் போட்டிருக்கிறார், எடுக்க மறந்திருக்கிறார், அவருக்கே நினைவில்லை. அத்தனை வருட விண்ணப்பங்களும், ஆதார் நகல்களும், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கங்களும் சம்பந்தமே இல்லாமல் அவர் பெட்டியில் குவிந்திருக்கின்றன. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அப்புறம் நிறுத்தினோம். இந்த ஆய்வில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான், ஆனால் மனுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாததால் தனியாக ஒரு அறிக்கை அனுப்பினோம்.

கடினமான முடிவு அடுத்தது. அலுவலக ஜிமெயிலில் ஆய்வாளரின் மடல் இருந்தது. அதற்கான பதில் இல்லை. பதில் மண்டல அதிகாரியின் சொந்த ஜிமெயிலிலிருந்து நேராக ஆய்வாளருக்கும் பிரிவு எழுத்தரின் சொந்த முகவரிக்கும் போயிருக்கிறது. அந்த அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். எழுத்தர், போன் மாற்றியபோது பழைய மடல்களையெல்லாம் அழித்துவிட்டேன் என்றார்.

ஓய்வு பெற்ற ஒருவரின் சொந்தப் பெட்டியில் இருப்பது அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தகவலா? தகவல் அலுவலர் இல்லை என்றார். அவர் வாதம் லேசானதல்ல: அந்தப் பெட்டியைத் திறக்க அலுவலகத்துக்கு எந்த அதிகாரமும் இல்லை, திறக்க முடியாததைக் கட்டுப்பாட்டில் இருப்பதாக எப்படிச் சொல்வது? மேல்முறையீட்டு அலுவலர் வேறு கோணத்தில் பார்த்தார். மடல் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்பதை விட்டுவிட்டு, அதை எழுதியவர் எந்தத் தகுதியில் எழுதினார் என்று பாருங்கள் என்றார். மண்டல அதிகாரியாக இருந்து, ஒரு விண்ணப்பத்தின் மேல் முடிவெடுத்து எழுதிய மடல் அலுவலகத்தின் ஆவணம். பிற நாடுகளிலும் இந்தக் கேள்வி ஏறக்குறைய இதே வழியில்தான் தீர்ந்திருக்கிறது. பிரிட்டனின் தகவல் ஆணையர் 2011 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், சொந்த மின்னஞ்சலில் இருக்கும் அலுவல் தகவலும் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் வரக்கூடும் என்றது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2017 மார்ச்சில் சான் ஹோசே நகராட்சி வழக்கில், ஊழியரின் சொந்தக் கணக்கில் இருப்பதாலேயே ஒரு பொது ஆவணம் பொது ஆவணமாக இல்லாமல் போய்விடாது என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, பெட்டிக்குள் அலுவலகம் நுழையத் தேவையில்லை, ஊழியரே தேடி எடுத்து, எதை எப்படிப் பிரித்தார் என்று உறுதிமொழி கொடுத்தால் போதும் என்ற வழியையும் காட்டியது. இந்தத் தீர்ப்புகள் எதுவும் இங்கே நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வழி நல்ல வழி, எடுத்துக்கொண்டோம்.

ஓய்வு பெற்றவருக்குக் கடிதம் போனது. விண்ணப்ப எண், விண்ணப்பதாரர் பெயர், கிடங்கின் பெயர், ஆய்வாளரின் முகவரி, இந்த நான்கையும் போட்டுத் தேடுங்கள், கிடைப்பதை அனுப்புங்கள், தேடியதாகவும் வேறு இல்லை என்றும் கையெழுத்திட்டுத் தாருங்கள். முதலில் கோபப்பட்டார். "என் சொந்த மெயிலைக் கேக்க இவங்க யாரு, நான் என்ன திருடனா?" என்று கண்காணிப்பாளரிடம் போனில் கத்தியிருக்கிறார். அந்த அம்மா அவரோடு பல வருடம் வேலை பார்த்தவர். "சார், உங்க மெயில் யாருக்கு சார் வேணும். நீங்க ஆபீசரா எழுதினதுல எங்க காப்பிய மட்டும் குடுத்துடுங்க, கோப்ப முடிச்சிடறோம்" என்றாராம். மறுநாள் வாட்ஸ்அப்பில் நான்கு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பிய நேரமும் முழு முகவரியும் தெரியாது, இணைப்பு வராது. ஜிமெயிலில் மடலின் மூலத்தை அப்படியே இறக்கிக்கொள்ளும் வசதி இருப்பதைக் காட்டி, அந்தக் கோப்பாகவே பதவி முகவரிக்கு அனுப்ப வைத்தோம். அவர் மகள் உட்கார்ந்து செய்து கொடுத்தார்.

## மடலில் இருந்தது

ஆய்வாளர் எழுதியிருந்தது சுருக்கமாக இது: இரண்டு குறைகள், ஒன்று தீயணைப்புச் சான்று காலாவதி, இன்னொன்று ஒரு பக்கச் சுவரில் காற்றோட்டம் போதாது. இரண்டையும் சரிசெய்யலாம், அவகாசம் தரலாம் என்று பரிந்துரை.

அதிகாரியின் பதில் ஒரு விடுமுறை நாள் இரவில் போனிலிருந்து போனது. அவகாசம் கொடுத்தால் மார்ச்சுக்குள் முடியாது, நிதி திரும்பிப் போகும், அதனால் இந்த முறை நிராகரித்துவிடுங்கள், அடுத்த ஆண்டு போடச் சொல்லலாம். அவ்வளவுதான்.

மனுதாரர் லஞ்சம் அல்லது பழிவாங்கல் என்று எதிர்பார்த்திருந்தார். அப்படி எதுவும் இல்லை. நிதியாண்டு முடிவில் எந்த அலுவலகத்திலும் நடக்கும் ஒரு கணக்கு. ஆனால் ஆணையில் ஏறியதோ 'தகுதி இல்லை'. 'அடுத்த ஆண்டு போடச் சொல்லலாம்' என்ற வாக்கியம் சொந்தப் பெட்டியிலேயே தங்கிவிட்டது, அவரிடம் யாரும் சொல்லவில்லை. தன் கிடங்குக்குத் தகுதியே இல்லை போலிருக்கிறது என்று அவர் அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவே இல்லை. அந்த மடல் பதவி முகவரியில் எழுதப்பட்டிருந்தால், அல்லது பிரின்ட் எடுத்துக் கோப்பில் சேர்த்திருந்தால், ஆணையை எழுதும் எழுத்தர் அதைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார், காரணம் காரணமாகவே வந்திருக்கும். சொந்த மின்னஞ்சல் என்றால் ஹேக் ஆகும் என்றுதான் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள். அந்த ஆபத்தும் உண்மைதான். இங்கே யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை, ஒரு முடிவுக்கான உண்மையான காரணம் அலுவலகத்துக்கே தெரியாமல் போனது, அதற்கு ஒரு மனிதர் ஒரு வருடத்தை இழந்தார்.

## பிறகு நடந்தவை

மேல்முறையீட்டில் மடல்களின் நகலை வழங்க ஆணையானது. மூன்றாம் நபர்களின் தொலைபேசி எண்களையும் சம்பந்தமில்லாத பத்திகளையும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவின்படி மறைத்துவிட்டு மற்றதைக் கொடுத்தார்கள். 19(6) பிரிவு மேல்முறையீட்டுக்குத் தரும் காலம் 30 நாள், காரணம் எழுதினால் மொத்தம் 45. கணக்கைத் திறக்கப் போன நாட்களால் 45-ஐ ஒட்டித்தான் முடிந்தது, தாமதத்தின் காரணத்தை ஆணையிலேயே எழுதினார்கள். மனுதாரர் அடுத்த கட்டமான தகவல் ஆணையத்துக்குப் போகவில்லை.

அவர் மறுபடி விண்ணப்பித்தார், ஆய்வு நடந்தது, அனுமதி கிடைத்தது. திருப்தி என்று சொல்ல மாட்டேன். கடைசியாக அலுவலகத்துக்கு வந்தபோது, "அன்னிக்கே இத ஒரு வரி எழுதியிருந்தா என்ன சார்?" என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஓய்வு பெற்றவர் மேல் நடவடிக்கை எதுவும் இல்லை, அவர் கேட்டதைக் கொடுத்தார் என்பது ஒரு காரணம்.

தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: தனியார் மின்னஞ்சலை அலுவலுக்குப் பயன்படுத்துவது கண்டிப்பாகத் தடை செய்யப்படுகிறது. அந்தச் சுற்றறிக்கை மண்டல அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது வாட்ஸ்அப் குழுவில். அதைவிட முக்கியம் அதன் பலன். அடுத்த சில வாரங்கள் அலுவலக ஜிமெயிலில் போக்குவரத்து நின்றது, ஆய்வு போட்டோக்கள் ஆளாளுக்குச் சொந்த முகவரிகளிலும் வாட்ஸ்அப்பிலும் போகத் தொடங்கின. முன்னாவது எல்லாம் ஒரு பெட்டியில் இருந்தது, தடை வந்தபின் இருபது பெட்டியில் சிதறியது. வெறும் தடையால் நிலைமை முன்பைவிடக் கெட்டது என்பதை நான் அறிக்கையில் அப்படியே எழுதினேன், மேலே யாருக்கும் அது பிடிக்கவில்லை.

அதன்பிறகுதான் உருப்படியான வேலை நடந்தது. பதவி முகவரியைக் கண்காணிப்பாளரும் ஒரு எழுத்தரும் முறைப்படி திறக்க ஏற்பாடானது. ஆய்வாளர்கள் போனில் அரசு மின்னஞ்சலை உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தோம், இது ஒரு மதியத்தில் முடிகிற வேலை, பத்து வருடம் யாரும் செய்யவில்லை. போட்டோக்களுக்கு உள் தளத்தில் விண்ணப்ப எண்ணோடு பதிவேற்றும் பக்கம் ஒன்று வந்தது. அது வந்ததும் யாரும் சொல்லாமலே வாட்ஸ்அப் குறைந்தது.

## இனி மாற வேண்டியவை

பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் பீரோ, ரப்பர் ஸ்டாம்ப், நாற்காலி வரை எல்லாம் இருக்கிறது. மின்னஞ்சல் கணக்குகளும், அவற்றின் மீட்பு எண் யாருடையது என்பதும், ஏதாவது தானாக வெளியே திரும்பிப் போகிறதா என்பதும் அதில் ஏற வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் போகும்போதும் அதே பட்டியல் வேண்டும். இந்தக் கதையில் சாவி அவரிடம்தான் இருந்தது, அவரிடம் யாரும் எதையும் ஒப்படைக்கச் சொல்லவில்லை.

தகவல் அலுவலர்கள் 'கோப்பில் இல்லை' என்று எழுதும் முன், அந்தப் பொருளைக் கையாண்ட ஒவ்வொருவரிடமும் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டாக வேண்டும். இப்போது அங்கே அதற்கு அரைப்பக்கப் படிவம் இருக்கிறது. சிலர் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள் என்பது தெரியும், ஆனாலும் கையெழுத்துப் போட வேண்டியிருப்பதால் தேடிப் பார்க்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2014-இல் கொண்டுவந்த திருத்தம் ஒன்று எனக்குப் பிடித்தது. சொந்தக் கணக்கிலிருந்து அலுவல் மடல் அனுப்பினால், அனுப்பும்போதே அரசுக் கணக்குக்கு ஒரு நகல் போட வேண்டும், இல்லையென்றால் 20 நாளுக்குள் அங்கே அனுப்பிவைக்க வேண்டும். தவறு நடக்கும் என்று ஒத்துக்கொண்டு, நடந்தபின் என்ன செய்வது என்று சொல்லும் விதி அது. அந்த மண்டல அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விதி 'செய்யாதே' மட்டும்தான், அதனால் செய்துவிட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இரவில் அவசரமாகப் பதில் போட்ட அந்த அதிகாரிக்கு, காலையில் வந்து பதவி முகவரிக்கு ஒரு நகல் தட்டிவிடு என்ற வழக்கம் இருந்திருந்தால் அரை நிமிட வேலை.

வாட்ஸ்அப் பற்றி இந்த ஆய்வில் அதிகம் சொல்லவில்லை. அதற்கு இன்னும் தீர்வில்லை. சுற்றறிக்கைகள் இப்போதும் அதில்தான் முதலில் வருகின்றன, இரண்டு நாள் கழித்துப் பதவி முகவரிக்கு வருகின்றன.

அந்த ஜிமெயிலை மூடவில்லை. மீட்பு எண் இப்போது அலுவலக இணைப்பு, அதிலிருந்து மடல் அனுப்புவதை நிறுத்தியாகிவிட்டது, வருகிறவர்களுக்குப் புதிய முகவரியைச் சொல்லும் தானியங்கிப் பதில் போகிறது. மாதம் ஒருமுறை கண்காணிப்பாளர் திறந்து, வந்ததை அரசு முகவரிக்கு மாற்றி, பதிவேட்டில் எழுதுகிறார். பழைய படிவத்தை ஜெராக்ஸ் எடுத்தே நிரப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒரு வங்கிக் கிளையும் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது, அதற்கு மூன்றாவது கடிதம் போயிருக்கிறது. வரத்து நின்றபின், அடுத்த தணிக்கை முடிந்ததும் மூடலாம் என்று கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.